பின்மண்டை நரம்பில் ஊசி: பால் வெட்டும் பெண் ஒருவரின் நாள்பட்ட தலைவலி

அவருக்கு வயது 46. மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு சிறு ரப்பர் தோட்டத்தில் கணவரோடு சேர்ந்து பால் வெட்டுகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு, ஆறு வருடமாக நீரிழிவு. சர்க்கரை மாத்திரையை அரசாங்க கிளினிக்கில் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் கிளினிக்குக்கு அவர் ஊசி கேட்டு வரவில்லை. இன்னும் ‘பவரான’ மாத்திரை வேண்டும் என்றுதான் வந்தார். “முன்னெல்லாம் ரெண்டு போட்டா நின்னுடும் டாக்டர். இப்ப நாலு போட்டும் கேக்க மாட்டேங்குது” என்றார். தலைவலி பார்க்கிற எவருக்கும் அந்த இரண்டு வாக்கியத்திலேயே பாதி நோய் புரிந்துவிடும். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது.

நோயின் கதை

முதல் தலைவலி 17 வயதில். மாதவிலக்கை ஒட்டி மாதம் ஒருமுறையோ இரண்டு முறையோ வரும். ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் கண்ணைக் கூசும். லயத்து வீட்டில் இருட்டறையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். அம்மாவுக்கும் இதே மாதிரி இருந்ததாம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். பின்னாளில் ஒருவர் சைனஸ் என்றார், இன்னொருவர் கண்ணாடி மாற்றச் சொன்னார். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் வலி இருக்கிறவருக்கு அது பதில் ஆகாது.

கடந்த மூன்று நான்கு வருடமாக வலியின் போக்கு மாறிவிட்டது. வலது பின்மண்டையில் தொடங்கி, உச்சி வழியாக ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காருகிறது. அநேகமாகத் தினமும் இருக்கிறது. நடுநடுவே ஷாக் அடித்த மாதிரி சில விநாடிகள் ‘சுளீர்’ என்று ஒரு குத்தல். அந்தப் பக்கம் தலையணையில் சாய முடியாது, சீப்பு பட்டால் எரியும். கொண்டை போடுவதை விட்டுவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்கிறார். தலையணையும் சீப்பும் வலி கொடுக்கிற நிலைமைக்கு மருத்துவத்தில் தொடுவலி என்று பெயர். மூளையின் வலிப்பாதைகள் கூருணர்வு அடைந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம்.

மாத்திரைக் கணக்கைக் கேட்டேன். காலை நாலரைக்கு எழுந்ததும், வலி வந்தாலும் வராவிட்டாலும், காஃபீன் கலந்த பாரசெட்டமால் இரண்டு. பத்து மணிக்குப் பால் எடுக்கும் நேரத்தில் மெஃபெனமிக் ஆசிட் என்ற வலிமாத்திரை ஒன்று. சாயங்காலம் தேவைப்பட்டால் இன்னொன்று. கோடாலித் தைலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை வரும்போது ஒரு மாதக் கணக்கைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். நோட்டுப் புத்தகம் கொடுத்தால் தொலைந்துபோகும் என்பது அனுபவம், அதனால் வீட்டுச் சுவரில் இருப்பதிலேயே எழுதச் சொன்னேன். மளிகைக் கடையில் கொடுத்த குதிரைக் காலண்டரை அப்படியே சுருட்டி எடுத்து வந்தார். தலைவலி நாளுக்குச் சிவப்புப் பேனாவில் வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு உள்ளே ஒரு புள்ளி. 25 வட்டம், 22 புள்ளி. சில கட்டங்களில் ‘மழ’ என்று எழுதியிருந்தது. மழை பெய்தால் மரம் ஈரம், அன்றைக்கு வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. அதற்காக அவர் எப்போதும் குறிக்கிற வழக்கம். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ‘மழ’ போட்ட நாட்களிலும் வட்டம் இருந்தது, ஆனால் சின்ன வட்டம். கேட்டேன். “அன்னிக்கி அவ்வளவா தெரியாது டாக்டர், லேசா இருக்கும்” என்றார்.

மழை நாளில் அவர் நாலரைக்கு எழுவதில்லை, தலைவிளக்கு கட்டுவதுமில்லை. மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிற விடியற்காலைக் குளிரில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே பால் வெட்டுகிறவர்கள் இருட்டில் நெற்றி விளக்கோடுதான் நிரைக்குள் இறங்குவார்கள். முன்பு கார்பைட் விளக்கு இருந்தது, இப்போது எல்.இ.டி. அடுத்த முறை அந்த விளக்கையும் கொண்டு வரச் சொல்லிப் போட்டுக்காட்டச் சொன்னேன். முன்னால் பல்பு, பின்னால் பேட்டரிப் பெட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் பட்டை. பேட்டரிப் பெட்டி சரியாக வலது பின்மண்டை எலும்பின் மேல் உட்கார்ந்தது. தினமும் நாலைந்து மணி நேரம், நழுவாமல் இருக்க இறுக்கிக் கட்டியபடி.

பரிசோதனை

இரத்த அழுத்தம் 142/88. கண்ணின் பின்திரையில் வீக்கம் இல்லை. கை கால் பலம், நடை, பேச்சு எல்லாம் சரி. கழுத்தைத் திருப்பும்போது கொஞ்சம் இறுக்கம் இருந்தாலும், கழுத்து அசைவால் தலைவலி கிளம்பவில்லை. வலது பின்மண்டையில், நடு எலும்புப் புடைப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி விரலால் அழுத்தியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினார். வலி உச்சி வரை ஓடியது என்றார். இடது பக்கத்திலும் லேசான வலி இருந்தது.

இரத்தப் பரிசோதனையில்தான் எனக்குக் கவலை வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 8.4. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரக வடிதிறன் குறைந்து 66, சிறுநீரில் கொஞ்சம் புரதம். நீரிழிவு உள்ளவர் தினமும் மெஃபெனமிக் ஆசிட் போட்டால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. இந்தத் தலைவலி ஆளைக் கொல்லாது. அதற்காகப் போடும் மாத்திரை மெதுவாகக் கொல்லலாம்.

என்ன நோய்?

சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் 2018 பதிப்பின்படி, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் ஒற்றைத் தலைவலியின் (மைக்ரேன்) குணம், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அது இவருக்குப் பொருந்துகிறது. காஃபீன் கலந்தது போன்ற கலப்பு வலிமாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கிறது என்று பொருள். தனிப் பாரசெட்டமாலுக்கும் மெஃபெனமிக் ஆசிட் வகைக்கும் இந்த வரம்பு 15 நாள். இவருக்கு 22 நாள். அதுவும் பொருந்துகிறது.

மூன்றாவது, பின்மண்டை நரம்புவலி. அதற்கு வேண்டிய மின்னல் குத்தலும், தொட்டால் வலியும், எரிச்சலும் இருக்கின்றன. ஆனால் அந்த நோயில் வலி விநாடிகளில் வந்து நிமிடங்களில் போகும். இவரைப் போல நாள் முழுக்க வாந்தியோடும் வெளிச்சக் கூச்சத்தோடும் படுக்கப் போடாது. பின்மண்டையில் தொட்டால் வலிப்பது ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் சாதாரணமாகவே உண்டு. பல இடங்களில் இந்த வலிக்கு உடனே ‘நரம்பு மாட்டிக்கிச்சு’ என்று பெயர் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. மாட்டிக்கொண்ட ஒன்றை எடுத்துவிடலாம் அல்லவா! நான் எழுதிவைத்தது: நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, மாத்திரை மிகையால் வரும் தலைவலி, கூடவே பட்டை அழுத்தத்தால் சீண்டப்பட்ட பின்மண்டை நரம்பு.

ஏன் ஊசி?

வழக்கமான வழி, மாத்திரையை நிறுத்திவிட்டுத் தடுப்பு மருந்து தொடங்குவது. தடுப்பு மருந்தில் முதலில் நினைவுக்கு வரும் ப்ரொப்ரனொலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் ஏற்கெனவே எங்கோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காலையில் தூக்கக் கலக்கம் தெளியாமல், கையில் வெட்டுக் கத்தியோடு இருட்டில் பாம்பு நடமாடும் நிரைக்குள் போக முடியாது என்று நாலு நாளில் நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. எந்தத் தடுப்பு மருந்தும் வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்து என்றால், முதல் பத்து நாளில் தலைவலி முன்பைவிட மோசமாகும். பெரும்பாலானவர்கள் கடைக்குத் திரும்புவது அந்தப் பத்து நாளில்தான். பின்மண்டை நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடும் நரம்பு ஊசியை நான் யோசித்தது அந்த இடைவெளிக்காக. ஊசி நோயைத் தீர்க்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பெரிய பின்மண்டை நரம்பு, கழுத்தின் இரண்டாவது தண்டுவட நரம்பின் பின்கிளையிலிருந்து கிளம்புகிறது. கழுத்துத் தசைகளைத் துளைத்து மேலேறி, பின்மண்டைத் தோலுக்கு உச்சி வரை உணர்வு தருகிறது. அப்படியென்றால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் வலியை அது எப்படித் தொடும்? முகத்துக்கும் கண்ணுக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் முப்பெரு நரம்பின் கரு (நரம்பணுக் கூட்டம்), மூளைத் தண்டிலிருந்து கீழிறங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை நீள்கிறது. மேல்கழுத்து நரம்புகளும் வந்து சேருவது அங்கேதான். இரண்டு இடத்துச் செய்தியும் ஒரே நரம்பணுக்களில் விழுகின்றன. பின்னாலிருந்து வரும் செய்தியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அந்த அணுக்களின் பதற்றம் குறைகிறது என்பதே இப்போதுள்ள விளக்கம். மரத்துப்போவது சில மணி நேரம்தான் என்றாலும் வலிக் குறைவு நாள்கணக்கில் நிற்பதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

மரப்பு மருந்தோடு ஸ்டீராய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) சேர்க்கவில்லை. கொத்துத் தலைவலி என்ற இன்னொரு நோயில் பின்மண்டையில் ஸ்டீராய்ட் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது, ஆதாரம் வலுவானது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலியில் அப்படி இல்லை. மரப்பு மருந்தோடு ட்ரையம்சினொலோன் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டின் சிறிய ஆய்வில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. மேலும் எச்.பி.ஏ.1.சி. 8.4 இருப்பவருக்கு ஸ்டீராய்ட் போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட இடத்தில் முடி கொட்டி வட்டமாகத் தோல் தெரியவும் வாய்ப்பு உண்டு. இதைச் சொன்னபோது, மற்ற எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “அது மட்டும் வேணாம் டாக்டர்” என்று உடனே சொன்னார்.

ஊசி போட்ட விதம்

மரப்பு மருந்து ஒவ்வாமை இல்லை, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எதுவும் எடுக்கவில்லை, மண்டையில் அறுவை நடந்ததில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். கடைசிக் கேள்வி முக்கியம். மண்டையோட்டில் ஓட்டை இருந்தால் மருந்து உள்ளே போய்விடும். “மூளைக்குள்ள போயிடாதா டாக்டர்?” என்று அவரே கேட்டார். “உங்க எலும்பு முழுசா இருக்குக்கா. ஊசி தோலுக்கும் எலும்புக்கும் நடுவுலதான் நிக்கும்” என்றேன்.

மேசையில் கையை மடக்கி, அதன்மேல் நெற்றியை வைத்து உட்காரச் சொன்னேன். முடியை மழிக்க வேண்டியதில்லை, வகிடு எடுத்து ஒதுக்கினால் போதும். நடுப் புடைப்பிலிருந்து காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வரை மனத்தில் ஒரு கோடு. அதை மூன்றாகப் பிரித்தால், நடுவை ஒட்டிய முதல் பங்கு முடியும் இடத்தில் பெரிய நரம்பு, இரண்டாம் பங்கு முடியும் இடத்தில் சிறிய பின்மண்டை நரம்பு. பக்கத்தில் பின்மண்டைத் தமனி துடிப்பதை விரலில் உணர்ந்துகொண்டு, அதற்கு உட்பக்கமாக 27 அளவு மெல்லிய ஊசி. எலும்பைத் தொட்டதும் ஒரு மயிரிழை பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மருந்தை விசிறி போலப் பரப்பினேன்.

2% லிடோகெய்ன் 2.5 மி.லி., 0.5% புபிவகெய்ன் 2.5 மி.லி. கலந்து மொத்தம் 5 மி.லி. வலது, இடது பெரிய நரம்புகளுக்குத் தலா 2 மி.லி., வலது சிறிய நரம்புக்கு 1 மி.லி. அதாவது 50 மி.கி. லிடோகெய்னும் 12.5 மி.கி. புபிவகெய்னும். 58 கிலோ எடை உள்ளவருக்கு இது பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே. இருந்தாலும் மரப்பு மருந்து விஷமானால் கொடுக்கும் 20% கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது இல்லாத இடத்தில் நான் இந்த ஊசியைத் தொடுவதில்லை.

அரை மணி நேரம் உட்கார வைத்தோம். ஐந்து நிமிடத்தில் பின்மண்டை மரத்தது. குண்டூசி முனையால் தொட்டதை உச்சி வரைக்கும் உணரவில்லை, ஆகவே மருந்து சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருந்த வலி அப்போது கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஆனால் எங்கள் தாதி சீப்பைக் கொடுத்ததும் வாங்கி, முதலில் பயந்து பயந்து இடது பக்கம், அப்புறம் வலது பக்கம், அப்புறம் இரண்டு பக்கமும் அழுத்தியே வாரினார். தலைவலிக்கு முன்பே தொடுவலி போய்விடுவது இந்த ஊசியில் அடிக்கடி காண்பதுதான்.

பிறகு நடந்தது

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த திட்டம்: மெஃபெனமிக் ஆசிட் அன்றோடு முழு நிறுத்தம். காஃபீன் கலந்ததும் வேண்டாம். தாங்க முடியாத வலிக்குச் சாதாரணப் பாரசெட்டமால் 1 கிராம், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. வாந்திக்கு மெட்டொக்ளோப்ரமைட். தடுப்பு மருந்தாக கண்டெசார்டன், 4 மி.கி.யில் தொடங்கி மெதுவாக 16 வரை. இது இரத்த அழுத்த மாத்திரை. 16 மி.கி. அளவில் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கிறது என்று நார்வேயில் நடந்த ஆய்வு 2003-இல் காட்டியது. 2014-இல் அதே நாட்டு ஆய்வு ஒன்று ப்ரொப்ரனொலாலோடு ஒப்பிட்டுச் சோதித்தபோதும் அதற்குச் சளைக்கவில்லை. இவருக்கு அழுத்தமும் கொஞ்சம் கூடுதல், சிறுநீரில் புரதம், ஆஸ்துமா வேறு. மூன்றுக்கும் ஒத்துப்போகும் மருந்து அமைவது அபூர்வம். குழந்தைப்பேறு வயதில் இருப்பவர்களுக்கு யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. இவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். இரண்டு வாரத்தில் பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்தோம், சிக்கல் இல்லை.

விளக்குக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பேட்டரியைத் தலையிலிருந்து இறக்குங்கள். அவருடைய கணவர் பேட்டரியை இடுப்புப் பட்டையில் மாட்டி ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. எட்டாம் நாள் இரவு வலியும் வாந்தியும் பலமாக வந்து, கணவர் போன் செய்தார். பழைய மாத்திரை வீட்டில் ஒரு அட்டை மிச்சமிருந்திருக்கிறது, கணவர்தான் அதை ஒளித்து வைத்திருந்தார். வாந்தி மருந்தோடும் பாரசெட்டமாலோடும் அந்த இரவு கடந்தது. இரண்டு வாரத்தில் இரண்டாவது ஊசி, அதற்கு ஒரு மாதம் கழித்து மூன்றாவது.

காலண்டரில் வட்டங்கள் 25-இலிருந்து முதல் மாதம் 13, இரண்டாம் மாதம் 10, மூன்றாம் மாதம் 8. புள்ளிகள் 22-இலிருந்து 6, 5, 4. ஐந்தாம் மாதம் தீபாவளி வந்தது. இராத்திரி முழுக்க முறுக்கு சுட்டு, தூக்கம் கெட்டு, வட்டம் 12 ஆனது. அப்போது ஒரு ஊசி போட்டோம். ஏழாம் மாதம் 7.

எது வேலை செய்தது?

ஊசியா, மாத்திரையை நிறுத்தியதா, கண்டெசார்டனா, பேட்டரியை இறக்கியதா? ஒரே நேரத்தில் நான்கையும் செய்ததால் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்லவும் கூடாது. ஆய்வுகளே இதில் ஒத்துப்போகவில்லை. 2015-இல் வெளியான இரண்டைப் பாருங்கள். அமெரிக்காவில் நடந்த ஒன்றில் ஒரே ஒரு ஊசி போட்டு, புபிவகெய்ன் ஸ்டீராய்ட் கலவையைப் பெயரளவு மருந்தோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. துருக்கியில் நடந்த இன்னொன்றில் வாரம் ஒரு முறை நான்கு வாரம் புபிவகெய்ன் போட்டார்கள், தலைவலி நாட்கள் குறைந்தன. திடீரென்று தாக்கும் கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு அவசரப் பிரிவில் இந்த ஊசியைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2025-இல் உறுதியாகவே பரிந்துரைத்துவிட்டது. நாள்பட்டதற்கு அந்த அளவு உறுதி இன்னும் வரவில்லை. என் கணிப்பு இது: ஊசி இல்லாமல் அவர் அந்த முதல் வாரத்தில் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார். அதற்குமேல் ஊசிக்குப் பெருமை சேர்க்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி போட்டு வலி குறைந்தது, ஆகவே நோய் அந்த நரம்பில்தான் என்று முடிவு கட்டுவது தவறு. பின்மண்டை நரம்புவலி என்று தீர்மானிக்க ஊசியில் வலி தற்காலிகமாக நிற்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் அதே ஊசியில் ஒற்றைத் தலைவலியும் அடங்கும், கொத்துத் தலைவலியும் அடங்கும். முன்பு சொன்ன அந்தப் பொதுக் கருவே காரணம். இதை நம்பி நரம்பைச் சுட்டுவிடவோ வெட்டிவிடவோ போகிறவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

போட்டாக்ஸ் என்று அறியப்படும் போட்டுலினம் ஊசியைப் பற்றியும் பேசினோம். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அமெரிக்காவில் 2010 முதல் அனுமதி பெற்றது. தலையிலும் கழுத்திலும் தோளிலுமாக 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. இப்போதைய நிலையில் அவருக்கு அது தேவையில்லை. தேவைப்பட்டாலும் பால் விற்ற காசில் கட்டுப்படியாகாது.

அவர் கொண்டை போட்டு வெளியே போகத் தொடங்கியதும் ஊரில் ‘மண்டையிடி ஊசி’ என்று பேச்சுப் பரவிவிட்டது. ஊசி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊசி போடாமல்தான் அனுப்பினேன். பெரும்பாலானவர்களுக்குக் காலண்டரும் மாத்திரைக் கணக்கும் போதுமாக இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், அறுபதைத் தாண்டியவர், வாழ்நாளில் தலைவலியே தெரியாதவர், மூன்று வாரமாகப் பின்மண்டை வலிக்கிறது என்று வந்தார். வலி நாளுக்கு நாள் ஏறுகிறது, காலையில் வாந்தி. “அந்தப் பொண்ணுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க தம்பி” என்று கேட்டார். “ஐயா, உங்களுக்கு மொதல்ல ஸ்கேன்தான்” என்று சொல்லி அன்றைக்கே கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியை ஊசியால் மரக்கவைப்பது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் அதை மூடி மறைப்பதாகிவிடும்.

நம் நோயாளிக்கு இப்போது தேதி குறித்து ஊசி போடுவதில்லை. மாதத்தில் வட்டம் 12-ஐத் தாண்டினால் வரச் சொல்லியிருக்கிறேன். கண்டெசார்டன் 16 மி.கி. தொடர்கிறது, வடிதிறன் 70-இல் நிற்கிறது. சர்க்கரை இன்னும் 7.9. அடுத்த சந்திப்பில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.